அயல்நாட்டு வேலையும் விசாவும்

வேளாண்மை, கால்நடை, கூட்டுறவு ஆகியவற்றைப் பற்றியே இப்பகுதியில் பெரிதும் எழுதி வருகிறோம். இம்மாதம் விசாவைப் பற்றி எழுத நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கிராமங்களுக்குச் செல்லும்பொழுது, மகன் மலேசியாவில் இருக்கிறான், துபாயில் இருக்கிறான் என்று பெற்றோர் பெருமையுடன் கூறக் கேட்கிறோம். எந்த விசாவில் சென்றான் என்று வினவினால், விடை கூறுவார் மிகச் சிலரே. நிலத்தை அடகு வைத்து அனுப்பிய குடும்பம், கைக்கு வந்த தாள் எத்தகையது என்பதை அறியாதிருக்கிறது.

சுற்றிப் பார்ப்பதற்குத் தரும் அனுமதி வேறு. வேலை செய்வதற்குத் தரும் அனுமதி வேறு. முன்னது சில வாரங்களுக்கு மட்டும் உரியது. பின்னதை, வேலை கொடுப்பவர் தம் நாட்டு அரசிடம் முன்கூட்டியே பெற வேண்டும். அதன் பேரில் வழங்கப்படும் விசா, தொழிலாளி விமானம் ஏறுவதற்கு முன்பே அவர் கைக்கு வந்துவிட வேண்டும். அதிலும், பொதுவாக அது ஒரு முதலாளிக்கும் ஒரு தொழிலுக்கும் மட்டுமே செல்லும். தோட்ட வேலைக்கு அனுமதி பெற்றவர் உணவு விடுதியில் தட்டுக் கழுவினாலும் அது குற்றமே.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர் விசா இன்றியே முப்பது நாட்கள் தங்கிச் செல்ல மலேசியா இசைந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு இது நற்செய்தி. ஏஜண்டுகளுக்கோ இது பெரு வாய்ப்பாயிற்று. நம் ஒன்றியத்து இளைஞர் ஒருவர் இவ்வழியில்தான் சென்றார். சென்றபின் பெர்மிட் எடுத்துத் தருவதாக ஏஜண்டு கூறியிருந்தார். ஒன்றரை லட்சம் ரூபாய், நூற்றுக்கு மூன்று வட்டி. மாதந்தோறும் வட்டி மட்டுமே நாலாயிரத்து ஐந்நூறு. முப்பதாம் நாள் கழிந்தது, பெர்மிட் வரவில்லை. கடனை எண்ணி அவர் திரும்பவில்லை. கடவுச்சீட்டு முதலாளியிடம் இருந்தது. ஒப்பியதில் பாதிக் கூலியே கிடைத்தது. புகார் செய்யப் போனால் தாமே பிடிபடுவோம் என்று அஞ்சிப் பேசாதிருந்தார். நாள் கடந்து தங்குதலின் முதற்கேடு இந்த அச்சமே. தண்டனை பின்னர்தான் வருகிறது.

அத்தண்டனையும் சிறிதன்று. மலேசியாவின் குடிநுழைவுச் சட்டப்படி, நாள் கடந்து தங்கியவருக்குப் பத்தாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சிங்கப்பூரில் தொண்ணூறு நாட்களுக்கு மேல் தங்கினால் சிறையுடன் பிரம்படியும் உண்டு. ஐக்கிய அரபு நாடுகளில் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். நூறு நாட்களில் ஐயாயிரம் திர்ஹம் ஆகிவிடும். சவூதி அரேபியாவில் வேறோர் இடர் உண்டு. தொழிலாளி வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று முதலாளி அரசுக்கு அறிவித்துவிட்டால், விசாவில் நாள் மீதமிருந்தும் அவர் சட்டத்துக்குப் புறம்பானவராகிவிடக் கூடும்.

எப்படியும் பொதுமன்னிப்பு வரும் என்று சிலர் காத்திருக்கின்றனர். வருவதுண்டு. 2024-இல் செப்டம்பர் முதல் டிசம்பர் முடிய ஐக்கிய அரபு நாடுகள் அபராதமின்றி வெளியேற வழி செய்தன. அதே ஆண்டு மார்ச்சு முதல் மலேசியாவும், நாள் கடந்து தங்கியோர் 500 ரிங்கிட் செலுத்தி நாடு திரும்பலாம் என்றது. அடுத்தது எப்பொழுது என்று எவராலும் கூற இயலாது.

நம் நாட்டிலும் ஒரு காப்பு உண்டு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தம் அங்கே சரிபார்க்கப்படும். பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடும் கிடைக்கும். ஆனால், சுற்றுலாப் பயணிக்கு இவ்வனுமதி தேவையில்லை. ஏஜண்டு ஏன் சுற்றுலா வழியையே காட்டுகிறார் என்பது இதிலிருந்து விளங்கும். பதிவு பெற்ற ஏஜண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியுமே. அதற்கு மேல் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழக அரசே 1978-இல் நிறுவிய அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் உள்ளது; அதன் வழியாகவும் செல்லலாம்.

மேலே குறித்த இளைஞரின் மனைவி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார். மனுவில் எழுதக் கணவரின் கடவுச்சீட்டு எண் வீட்டில் இல்லை. முதலாளியின் பெயரும் தெரியவில்லை. அவற்றைத் திரட்டவே மூன்று வாரங்கள் சென்றன. பின்னர் நம் தூதரகம் அவசரப் பயணச் சான்று வழங்க, 2024-ஆம் ஆண்டுத் திட்டத்தின் கீழ் அவர் ஊர் திரும்பினார். கடன் இன்னும் அடையவில்லை. இப்பொழுது அவ்வூர் மகளிர் குழுவினர், வெளிநாடு செல்வோரின் கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலையும், முதலாளியின் முகவரியையும், விசா முடியும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைக்கின்றனர். அதில் இதுவரை பதினொரு பெயர்கள் ஏறியுள்ளன.