உலாவிகள் கைவிட்ட வழிகள்

கொழும்புக் கோட்டையிலிருந்து நாம் குடியிருக்கும் கிராண்ட்பாசுக்கு முன்னாளில் டிராம் வண்டி ஓடியது. 1899 ஆம் ஆண்டிலே தொடங்கிய கொழும்பு டிராம் சேவை 1960 ஆம் ஆண்டுடன் ஒழிந்தது. வண்டி நின்றதேயன்றிக் கிராண்ட்பாஸ் எங்கும் போய்விடவில்லை. பிறிதோர் ஊர்தியில் ஏறினோர் அவ்விடத்தை அடைந்தே வந்தனர். இணையத்தில் அண்மையில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தை மாணவர்க்கு விளக்கப் புகும்போதெல்லாம் நாம் இவ் வண்டியையே எடுத்துக்காட்டுவது வழக்கம்.

இரு கணனிகள் தம்முள் உரையாடுதற்கு வகுத்துக்கொண்ட ஒழுங்கே நெறிமுறை எனப்படும். யார் முதலிற் பேசுவது, எதனை எவ்வாறு கேட்பது, முடிந்ததென்பதை எங்ஙனம் அறிவிப்பது என்பனவெல்லாம் அதன்கண் அடங்கும். உலாவியாவது இந் நெறிமுறைகளுட் சிலவற்றை அறிந்த ஒரு மென்பொருள். அஃது அறியாத நெறிமுறையில் அமைந்த முகவரியைக் கொடுப்பின், எதிர்ப்பக்கத்துக் கணனி விழித்திருந்தாலும் உலாவி அதனோடு பேசமாட்டாது.

இவ்வாறு கைவிடப்பட்டவற்றுள் தலையாயது எவ்.ரி.பி. என்னும் கோப்பு மாற்று நெறிமுறை. இதனை முதன்முதல் வரைந்தவர் இந்தியராகிய அபய் பூஷண் என்பதை நம் மாணவருட் பலர் அறியார். அலகாபாத்திற் பிறந்து, கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்ற அவர், அமெரிக்காவிலுள்ள மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் இருந்தகாலை, 1971 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதனை எழுதி வெளியிட்டார். உலகளாவிய வலை பொதுமக்கள் கைக்கு வந்ததோ 1991 இல். எனவே, இந் நெறிமுறை வலைக்கு இருபதாண்டு மூத்தது.

அக்காலத்திற் பிணைக்கப்பட்டிருந்த கணனிகள் மிகச் சில. அவற்றை ஆண்டோரும் பெரும்பாலும் ஆராய்ச்சியாளரே. ஆதலாற் கள்வரைப் பற்றிய கவலை அதனை வகுத்தோர்க்கு அதிகம் இருக்கவில்லை. பயனாளர் பெயர், கடவுச்சொல், கோப்பு ஆகிய அனைத்தையும் அஃது ஒளிவுமறைவின்றி அனுப்பிவிடும். வீட்டுத் திறப்பை எங்கே வைத்திருக்கின்றோம் என்பதைத் தபாலட்டையில் எழுதி அனுப்புவதை ஒக்கும் இது. வழியில் நிற்பவன் எவனும் வாசிக்கலாம். பயன்படுத்துவோரும் குறைந்துபோயினர். பயர்பொக்ஸ் உலாவி தனது 90 ஆம் பதிப்பில், 2021 ஜூலையில், இதனை அகற்றியது; குரோம் தனது 95 ஆம் பதிப்பில், அதே ஆண்டு ஒக்ரோபரில், அகற்றியது. இதற்குப் பத்தாண்டுகளின் முன்னரே, மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உருவான கோபர் என்னும் நெறிமுறையையும் பயர்பொக்ஸ் விட்டொழித்தது. அதற்காக எவரும் பெரிதாக அழுததாக நாம் அறியோம்.

எவ்.ரி.பி. விடயத்தில் நாம் ஏறக்குறைய அழுதோம். 2022 ஆம் ஆண்டிலே, பழைய மலர்க் கட்டுரைகளைத் தொகுக்கும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர், பதினொரு கட்டுரைகளைத் தாம் முன்னர்ச் சேமித்து வைத்ததாகக் கூறி முகவரி ஒன்றை அனுப்பினார். உலாவி அதனைத் திறக்க மறுத்தது. அனைத்தும் அழிந்தனவென்றே எண்ணி அவருக்கு இரங்கற் கடிதம்போல ஒன்று எழுதினோம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அதனைக் கேள்வியுற்று, "ஐயா, கதவுதான் போயிற்று, வீடு இருக்கிறது" என்று கூறி, கோப்பு மாற்றுக்கெனவே அமைந்த தனி மென்பொருள் ஒன்றை நிறுவினான். கால் மணி நேரத்திற் கோப்புகள் வந்து சேர்ந்தன. ஆசிரியர் நாமாயினும் அன்று பாடங் கேட்டவர் நாமே.

ஆயின், திறந்து பார்த்தபோது தமிழைக் காணோம். 'தமிழ்' என நிற்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. ஈழத்துத் தமிழர் நெடுங்காலம் கையாண்ட பாமினி எழுத்துருவின் வேலை இது. ஆங்கில எழுத்தின் இருக்கையிலே தமிழ் வடிவத்தை அமர்த்துவது அதன் முறை. எழுத்துரு இல்லாத கணனியிலே போர்வை விலகி ஆங்கிலமே தோன்றும். யூனிகோட் முறையிலோ தமிழெழுத்துக்குத் தனக்கென இருக்கை உண்டு. 1991 இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே அது வகுக்கப்பட்டுவிட்டது. நாம்தான் அதனுட் குடிபுகத் தாமதித்தோம். நெறிமுறையை நீக்கிய உலாவியாளர்மேல் நமக்கிருந்த சினம், உண்மையைச் சொன்னால், இவ்விடத்திற் பாதி தணிந்தது. பூட்டில்லாக் கதவை அவர்கள் அடைத்தமை நியாயமே.

மாற்றி மென்பொருளின் துணையால் ஒன்பது கட்டுரைகளை மீட்டோம். எஞ்சிய இரண்டும் பாமினியில் அமைந்தனவல்ல. எவ்வெழுத்துருவின என்பது இன்னும் புலப்படவில்லை. அவற்றுள் ஒன்றை எழுதியவர் இன்று நம்மிடையே இல்லை. தொண்ணூறுகளிலே தமிழ்த் தட்டச்சுக்குக் கணனியைக் கையாண்ட பழைய மாணவர் எவரேனும் தம் பழைய எழுத்துருக்களை இன்னும் வைத்திருப்பாராயின், கல்லூரித் தமிழாசிரியர் அறைக்கு அறிவிக்குமாறு வேண்டுகின்றோம்.