தொட்டிலில் இருந்து பாய்க்கு



"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. பழக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அந்தத் தொட்டிலை எப்போது அவிழ்ப்பது என்று யோசிப்பது குறைவு. பிள்ளையைத் தொட்டிலில் இருந்து எப்போது இறக்குவது, இறக்கி எப்படிப் படுக்க வைப்பது என்பதே இம்முறை நாம் படிக்கப்போகும் பாடம்.

லயத்துக் காம்பராவில் பழைய சேலையைக் கூரை மரத்தில் கட்டிப் பிள்ளையைப் போடுவது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். 10 அடிக்கு 12 அடி காம்பராவில் இடமும் மிச்சம், அம்மாவுக்குக் கையும் மிச்சம். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முகத்தில் சேலை மூடாமல், பெரியவர் ஒருவர் கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளை வளர வளர, அதே தொட்டில் ஆபத்தாக மாறுகிறது.

எப்போது இறக்குவது?

"ரெண்டு வயசு ஆகட்டும்", "அடுத்த புள்ள வரட்டும்" என்று பலர் காத்திருக்கிறார்கள். வயதைப் பார்க்க வேண்டாம், பிள்ளை செய்வதைப் பாருங்கள்.

1. தொட்டிலுக்குள் தானாக எழும்பி உட்காருகிறதா?
2. சேலையைப் பிடித்து நிற்கப் பார்க்கிறதா?
3. காலை வெளியே போடுகிறதா?

இதில் முதலாவது வந்தாலே போதும், தொட்டிலை அவிழ்க்க வேண்டும். சேலைத் தொட்டிலுக்குத் தடுப்புக் கம்பி இல்லை. பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தால் பாரம் முழுவதும் அந்தப் பக்கம் போய்விடும். சின்னப் பிள்ளைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பாரம். அதனால் தலைதான் முதலில் சீமெந்துத் தரையில் படும். முறுக்கிய சேலை கழுத்தில் சிக்கவும் கூடும். பத்து வயது அக்காவைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனால், அந்தப் பிள்ளையால் என்ன செய்ய முடியும்? விழுந்த பிறகு இறக்குவதல்ல, விழ முன்னம் இறக்குவதே புத்தி.

கம்பி வைத்த மரத்தொட்டில் உள்ளவர்கள், பிள்ளை எழும்பி நிற்கும்போது மேல் கம்பி நெஞ்சு மட்டத்துக்கு வந்தாலோ, பிள்ளை ஏறப் பார்த்தாலோ இறக்கிவிட வேண்டும். வீட்டில் அடுத்த பிள்ளை பிறக்க இருந்தால், ஒன்றிரண்டு மாதம் முன்பே மூத்ததைப் பாய்க்குப் பழக்குங்கள். இல்லாவிட்டால் "தம்பி வந்து என் இடத்தைப் பிடிச்சிட்டான்" என்று அதன் மனசு வாடும்.

முதலில் காம்பராவைப் பாருங்கள்

தொட்டிலில் போட்ட பிள்ளை போட்ட இடத்தில் கிடக்கும். பாயில் படுத்த பிள்ளை நினைத்த இடத்துக்குப் போகும். ஆகவே இனிமேல் முழுக் காம்பராவும்தான் அதன் தொட்டில். நாமும் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் கண் மட்டத்தில் சுற்றிப் பார்ப்போம்.

மண்ணெண்ணெய்ப் போத்தல், குப்பி விளக்கு, கவ்வாத்துக் கத்தி, பூச்சிமருந்து, குளிசை, சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் உயரத்துக்குப் போக வேண்டும். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கவே கூடாது. படுக்க முன்னம் அடுப்புத் தணலை அணைத்து, குறுக்கே ஒரு பலகை வையுங்கள். வாளித் தண்ணீரைக் கவிழ்த்து வையுங்கள், சாண் அளவு தண்ணீரிலும் சின்னப் பிள்ளை மூழ்கிவிடும். வாசலுக்கு வெளியே கானும் படியும் இருப்பதால் கதவின் மேல்பக்கம் ஒரு கொண்டி போடுங்கள்.

படுக்கை போடும் விதம்

மலைப்பக்கத்துத் தரை குளிர் தரை. கீழே ஒரு பலகை அல்லது கழுவிக் காயவைத்த மாச்சாக்கு, அதன் மேல் பாய், அதன் மேல் மடித்த கம்பளி அல்லது அமுங்காத மெல்லிய மெத்தை போதும். உரச்சாக்கு வேண்டாம், அதில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் பிள்ளை சிக்கும் இடைவெளி விடாதீர்கள். ஒரு வயது முடியும் வரை தலையணையும் தளர்ந்த போர்வையும் வேண்டாம். குளிருக்குச் சட்டையை இரண்டாகப் போடுங்கள்.

குளிர் தாங்காமல் சிலர் கரிச்சட்டியில் தணல் வைத்துக் கதவை அடைத்துப் படுக்கிறார்கள். அதில் வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே குடும்பத்தோடு உயிரைக் கொண்டுபோய்விடும். இதைச் செய்யவே வேண்டாம்.

காலையில் பாயைத் தூக்கி உதறி வெயிலில் போடுங்கள். சுருட்டாமல் விட்டால் அடியில் ஈரம் கட்டிப் பூஞ்சணம் பிடிக்கும், பூரானும் வந்து ஒதுங்கும். மழை நாளில் சுவரில் சாய்த்துக் காற்றுப்பட வையுங்கள்.

முதல் இரண்டு கிழமை

வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை பகல் தூக்கத்தில் தொடங்குங்கள். அவிழ்த்த தொட்டில் சேலையையே விரித்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகிவிடுங்கள். பழகிய மணம் இருந்தால் பிள்ளை சீக்கிரம் அடங்கும். அதே நேரம், அதே தாலாட்டு. பத்துத் தரம் எழும்பினாலும் சத்தம் போடாமல் பத்துத் தரமும் கொண்டுவந்து படுக்க வையுங்கள். "பூச்சாண்டி வாறான்" என்று பயம் காட்டாதீர்கள். மூன்றாம் நாள் அழுகையைப் பார்த்து மறுபடி தொட்டில் கட்டினால், முதலில் இருந்து தொடங்க வேண்டிவரும். பிள்ளைக்காம்பராவிலும் சொல்லி வையுங்கள், அங்கேயும் இங்கேயும் ஒரே பழக்கமாக இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி, ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து நாளைக்கு 11 முதல் 14 மணித்தியாலத் தூக்கம் வேண்டும்.

இதில் அப்பாவுக்கும் வேலை உண்டு. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்படியில் நிற்கிறவளிடமே பிள்ளையைத் தூங்க வைக்கும் வேலையையும் விடலாமா? பாய் போட்டுத் தட்டிக் கொடுக்க ஆண் கைக்கும் தெரியும். ஆனால் குடித்துவிட்டு வந்த இரவில் பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்க வேண்டாம். தூக்கத்தில் புரண்டால் தெரியாது.

தப்பித்தவறி விழுந்துவிட்டால்

தலை அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ, மயங்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காது மூக்கால் இரத்தமோ தண்ணீரோ வந்தாலோ, எண்ணெய் தடவி, நூல் கட்டிக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள்.

இன்று இரவே உங்கள் பிள்ளையைக் கவனியுங்கள். தொட்டிலில் எழும்பி உட்காருகிறது என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலையை அவிழ்த்துவிடுவோம். சந்தேகம் இருந்தால் மருத்துவமாதுவிடமோ எங்களிடமோ வந்து கேளுங்கள்.