உடலின் பருமனும் விலங்குகளின் அசைவும்

மாணவர்களே, யானைத் தொல்லையுள்ள இடங்களில் பயிர்நிலத்தைச் சுற்றிச் சில வேளைகளில் அகழி வெட்டுவார்கள். அதன் அகலம் ஏறத்தாழ 2 மீற்றர்தான். ஒரு புள்ளிமான் அதனை ஒரே பாய்ச்சலில் கடந்துவிடும். மானைவிட மூன்று மடங்கு உயரமான யானையோ விளிம்பில் வந்து நின்றுவிடும்.

இதற்குக் காரணம் கேட்டால் வகுப்பில் பெரும்பாலானோர் "யானை பாரமானது, ஆதலால் பாயாது" என்று எழுதுகிறார்கள். இது பிழையன்று, ஆனால் அரைவாசி விடையே. "பாரம் கூடிய யானைக்குத் தசையும் கூடத்தானே இருக்கிறது? பிறகு ஏன் பாய முடியாது?" என்று திருப்பிக் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. நான் கலைப் பட்டதாரி. உங்கள் வயதில் இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை; மனனம் செய்ததை எழுதிவிட்டு வந்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். விடையின் மற்ற அரைவாசிக்குக் கணிதபாடத்தில் நீங்கள் ஏற்கனவே படித்ததே போதும்.

பக்கம் 1 சென்ரிமீற்றர் உள்ள சதுரமுகி ஒன்றை எடுங்கள். அதன் மேற்பரப்பளவு 6 சதுர சென்ரிமீற்றர். கனவளவு 1 கன சென்ரிமீற்றர். பக்கத்தை 2 சென்ரிமீற்றர் ஆக்கினால் மேற்பரப்பளவு 24, கனவளவு 8. பக்கம் 10 ஆனால் மேற்பரப்பளவு 600, கனவளவு 1000. நீளம் 10 மடங்காகும்போது பரப்பு 100 மடங்காகவும் கனவளவு 1000 மடங்காகவும் கூடுகின்றன. இந்த மூன்று எண்களையும் நன்றாக மனதில் பதியுங்கள். பாடம் முழுவதும் இவற்றின் மீதே நிற்கிறது.

இப்போது மானுக்கு வருவோம். தோள் உயரம் 90 சென்ரிமீற்றர், திணிவு 60 கிலோகிராம் உள்ள ஒரு மானை, உருவம் மாறாமல் எல்லாப் பக்கமும் 3 மடங்கு பெரிதாக்குவதாகக் கொள்ளுங்கள். உயரம் 2.7 மீற்றர், கிட்டத்தட்ட ஒரு யானையின் உயரம். உடல் கனவளவு 3 × 3 × 3 = 27 மடங்காகும்; எனவே திணிவு 1620 கிலோகிராம். ஆனால் காலென்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 3 × 3 = 9 மடங்கே கூடும். ஆகவே என்பின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் முன்பு தாங்கியதைப்போல் 3 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். தசைக்கும் இதே கணக்குத்தான். ஒரு தசை இழுக்கும் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. நிறை 27 மடங்கு கூட, தசையின் விசை 9 மடங்கே கூடுகிறது. அந்த இராட்சத மான் எழுந்து நிற்பதே சிரமம். பாய்ந்து இறங்கும்போது காலில் விழும் விசை உடல் நிறையையும் விட அதிகம் என்பதால், அதன் என்பு முறியவும் கூடும்.

இக்கருத்தைக் கலிலியோ 1638 இல் வெளியான தமது நூலிலேயே விளக்கியிருக்கிறார். பெரிய விலங்கின் என்பு சிறிய விலங்கின் என்பைப் பெருப்பித்த வடிவமாக இருக்க முடியாது, விகிதத்தில் தடித்திருக்க வேண்டும் என்பது அவர் காட்டியது.

உண்மையான யானையோ 1620 கிலோகிராமிலும் மிகக் கூடியது. 2.7 மீற்றர் உயர யானை 3 தொன்னுக்கு மேல் இருக்கும். அது எப்படி நிற்கிறது? முதலாவது, அதன் கால்கள் தூண்போல் தடித்தவை. இரண்டாவதே முக்கியமானது: அது காலை நேராக வைத்து நிற்கிறது. எலியையும் பூனையையும் பாருங்கள். அவற்றின் கால்மூட்டுகள் எப்போதும் மடிந்தே இருக்கும். முழங்காலை அரைவாசி மடித்தபடி ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தொடைத்தசை எரிவதை உணர்வீர்கள். மூட்டு மடிந்தால் சுமையைத் தசை தாங்க வேண்டும். நேராக இருந்தால் என்பு தாங்கும். யானை சுமையை என்புக்கு விட்டுவிட்டது. ஆனால் பாய வேண்டுமானால் காலை நன்றாக மடித்துச் சடுதியாக நிமிர்த்த வேண்டும். அது யானையால் முடிவதில்லை.

தாய்லாந்தின் ஆசிய யானைகளை வேகமாக நகரவிட்டு அளந்த ஆய்வொன்று 2003 இல் வெளியானது. மிக விரைவானவை மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வேகத்தை அடைந்தன. அந்த வேகத்திலும் நான்கு பாதங்களும் ஒரே நேரத்தில் நிலத்தைவிட்டு எழவில்லை. (25 கிலோமீற்றர் என்பது குறைவென்று நினைத்து யானைக்குக் கிட்டப் போகவேண்டாம். உங்களில் பலர் அந்த வேகத்தில் ஓடமாட்டீர்கள்.)

பாய முடியாத விலங்கு எப்படித் தப்பிப் பிழைத்தது என்பது அடுத்த கேள்வி. இலங்கைக் காட்டில் வளர்ந்த யானையை வேட்டையாடும் விலங்கு எதுவும் இல்லை. துரத்தி ஓடவும் தேவையில்லை, தப்பி ஓடவும் தேவையில்லை. அதன் தேவை உணவு. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் உணவு வேண்டும். நாளின் பெரும்பகுதி தின்பதிலேயே கழியும். ஓரிடத்தில் நின்றால் அவ்வளவு கிடைக்காது, நடக்க வேண்டும். நடப்பதற்குப் பெரிய உடல் பொருத்தமானது: ஒரு கிலோகிராம் உடலை ஒரு கிலோமீற்றர் கொண்டுசெல்லச் செலவாகும் சக்தி, சிறிய விலங்கைவிடப் பெரிய விலங்கில் குறைவு. வரட்சிக் காலத்தில் மின்னேரியாக் குளத்தின் நீர் வற்ற, வெளிப்படும் படுகையில் புல் முளைக்கிறது. அதைத் தேடி நூற்றுக்கணக்கான யானைகள் அங்கு வந்து கூடுவது இந்த நடையின் பயனே.

அந்த நடைபாதையில்தான் இன்று வயலும் வீதியும் தண்டவாளமும் இருக்கின்றன. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே பயணிகள் புகையிரதம் ஒன்று யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன. அகழியும் நிரந்தரத் தீர்வாக இருப்பதில்லை. மழையில் அதன் விளிம்பு சரியும். யானைகளும் காலால் மண்ணைத் தள்ளித் தூர்த்துவிடும். பாய முடியாத விலங்கு வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. மறுநாள் காலையில் வயலைப் பார்க்கும் கமக்காரருக்குத்தான் அந்தக் கெட்டித்தனம் கசக்கும்.

இனி மறுமுனைக்குப் போவோம். தெள்ளு தன் உடல் நீளத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் பாயும். "தெள்ளு மனிதனளவு வளர்ந்தால் கோபுரத்தைத் தாண்டும்" என்று சில நூல்களில் காண்பீர்கள். அது தவறு. பாயத் தேவையான சக்தி mgh என்பதை அறிவீர்கள். திணிவு கூடினால் தேவைப்படும் சக்தியும் அதே அளவில் கூடும். தசை தரும் சக்தியும் தசையின் திணிவுக்கேற்பவே கூடும். இரண்டும் சேர்ந்து கூடுவதால் உயரம் பெரிதாக மாறாது. தெள்ளு எழும்பும் உயரம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். நன்றாகப் பாயும் மனிதன் தன் உடலை அரை மீற்றர் வரை உயர்த்துவான். வியக்கத்தக்கது, இவ்வளவு சிறிய காலால் இவ்வளவு சக்தியைக் கணப்பொழுதில் வெளிவிடுவதே. தசை அவ்வளவு விரைவாகச் சுருங்காது. ஆகையால் தெள்ளு தன் உடலிலுள்ள இறப்பர் போன்ற புரதமொன்றில் சக்தியைச் சேமித்து, வில்லை விடுவதுபோல் விடுவிக்கிறது.

சிறிய உடலில் நிறையைவிடப் பரப்பே ஆட்சி செய்யும். எறும்பு கூரையிலிருந்து விழுந்தும் நடந்து போவது வளித்தடையால். பல்லி சுவரில் ஒட்டுவது பாதப்பரப்பால். பல்லியைப் போல் மனிதன் சுவரில் ஏற வேண்டுமானால் உடற்பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் ஒட்டும் பரப்பாக இருக்க வேண்டும் என 2016 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணித்தனர். இந்தப் பரப்பால் நட்டமும் உண்டு. சிறிய முலையூட்டி வெப்பத்தை விரைவாக இழக்கும். மூஞ்சூறு ஓயாமல் அலைந்து தின்பது அதனாற்றான்.

மிக வேகமான விலங்குகள் இரண்டு முனையிலும் இல்லை, நடுவில் உள்ளன. 474 இனங்களை ஒப்பிட்ட 2017 ஆய்வொன்று இதற்குக் காரணம் கூறியது: பெரிய உடலை வேகமெடுக்கச் செய்ய நேரம் வேண்டும், உச்ச வேகம் வருமுன்னரே தசையில் காற்றின்றிய சுவாசத்தால் கிடைக்கும் சக்தி தீர்ந்துவிடும். ஆபிரிக்காவின் சிவிங்கி 50 கிலோகிராம் அளவானது. (எமது வில்பத்து, யாலக் காடுகளிலுள்ள சிறுத்தை வேறு விலங்கு; மாற்றி எழுத வேண்டாம்.) பொற்சுவானாவில் சிவிங்கிகளின் கழுத்தில் கருவி பூட்டி அளந்தபோது உச்ச வேகம் மணிக்கு 93 கிலோமீற்றர். ஆயினும் பெரும்பாலான வேட்டைகளில் அவ்வளவு வேகம் எடுக்கவில்லை. இரை வளைந்து வளைந்து ஓடுவதால் சடுதியாக வேகமெடுப்பதும் குறைப்பதும் திரும்புவதுமே அதற்குக் கூடிய பயன் தந்தன.

மாதிரி வினா: யானையினால் பாய முடியாது. காரணம் தருக.

விடை: உடல் நீளம் கூடும்போது நிறை கனவளவுக்கேற்பவும், என்பு, தசை ஆகியவற்றின் பலம் குறுக்குவெட்டுப் பரப்புக்கேற்பவும் கூடும். எனவே பெரிய விலங்கில் ஓரலகு பரப்புக்குரிய சுமை அதிகம். இதனைத் தாங்க யானையின் கால்கள் தடித்து நேராக உள்ளன. இதனால் பாய்வதற்கு வேண்டியவாறு மூட்டுகளை மடித்துச் சடுதியாக நீட்ட இயலாது.

பயிற்சி

1. பக்கம் 4 சென்ரிமீற்றர் உள்ள சதுரமுகியின் மேற்பரப்பளவுக்கும் கனவளவுக்குமான விகிதத்தைக் காண்க. எலி, மாடு ஆகிய இரண்டில் எது தன் உடல் நிறைக்கு ஏற்பக் கூடுதலாக உண்ணும் என்பதை இதிலிருந்து விளக்குக.

2. 2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூறுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. கடற்படையினரும் ஊர்மக்களும் இரவிரவாக அவற்றைக் கடலுக்குள் தள்ளினர். கடலில் இலகுவாக நீந்தும் திமிங்கிலம் கரையில் தன் நிறையாலேயே இறக்க நேர்வது ஏன்? மேலுதைப்பு என்னும் சொல்லைப் பயன்படுத்தி விடை எழுதுக.