செட் பூட்டிக்கொண்டதும் புதுசு வாங்கிவிடாதீர்கள்

பேட்டரி மாற்றிய மறுநாள் காலை சாவியைத் திருப்புகிறீர்கள். ஸ்டீரியோ செட்டின் திரை எரிகிறது, பாட்டு வரவில்லை. சில கார்களில் நான்கு இலக்கக் குறியீடு கேட்கும். சிலவற்றில் 'பூட்டப்பட்டது' என்று மட்டும் வரும். இன்னும் சிலவற்றில் இந்தக் கருவி இந்த வாகனத்துக்கு உரியதல்ல என்றே எழுதிக் காட்டும். ஸ்டீரியோ கடைக்குப் போனால், "செட் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்பார்கள்.

நான் கார் எலெக்ட்ரிக்கல் வேலை செய்பவன். இப்படி என்னிடம் வரும் செட்டுகளில் பெரும்பாலானவை கெட்டுப்போனவையே அல்ல. தான் யாருடைய காரில் இருக்கிறோம் என்று கேட்டு, பதில் கிடைக்காததால் வாயை மூடிக்கொண்டவை. பதில் சொல்ல வேண்டியது யார், ஏன் சொல்லவில்லை என்று தேடாமல் செட்டைக் கழற்றினால், ஐம்பது ரூபாய் வேலைக்கு ஐம்பதாயிரம் செலவாகும்.

கம்பெனியிலிருந்தே பொருத்தி வரும் செட்டுகள் பலவற்றில் உங்கள் காரின் சேஸிஸ் நம்பர், முழுதாகவோ அதன் ஒரு பகுதியோ, பதிந்திருக்கும். மின்சாரம் அறுந்து திரும்பும்போது, சில கார்களில் ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும், செட் அந்த எண்ணைக் காரின் மற்ற கம்ப்யூட்டர்களிடம் கேட்டு ஒத்துப் பார்க்கும். கதவு, விளக்குகளைக் கவனிக்கும் பாடி கன்ட்ரோல் பெட்டியோ, மீட்டர் கிளஸ்டரோ, கேட்வே எனப்படும் நடுப்பெட்டியோ அதற்குப் பதில் சொல்லும். பதில் தவறினாலும் பூட்டு, பதிலே வராவிட்டாலும் பூட்டு. செட்டைத் திருடியவனுக்கு அது பயன்படக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. தவறான பதில் வேறு நோய், வராத பதில் வேறு நோய். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12க்குக் கீழே இருந்தால் வேறு எதையும் நம்பாதீர்கள். மின்னழுத்தம் குறைந்தால் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தும். ஸ்கேனரில் இருபது கோடு, அதாவது பிழைக் குறியீடு, வரும்; இருபதும் பொய்ப் புகார். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து ஃப்யூஸ். செட்டுக்கு இரண்டு மின்வழிகள் வரும். ஒன்று சாவி போட்டால் மட்டும் வருவது, மற்றது எப்போதும் இருப்பது. செட்டின் நினைவைக் காப்பது இரண்டாவது வழி. ஒவ்வொரு முறை வண்டியை அணைத்துப் போடும்போதும் குறியீடு கேட்டால், கடிகாரமும் கூடவே 12 மணிக்குத் திரும்பினால், ஸ்கேன் எதுவும் தேவையில்லை. அந்த நிரந்தர மின்வழியின் ஃப்யூஸையும் கப்ளர் பின்னையும் பாருங்கள். சில கார்களில் உள்விளக்கும் அதே ஃப்யூஸில் இருக்கும். கதவைத் திறந்தும் விளக்கு எரியாவிட்டால் சந்தேகம் உறுதி.

குறியீடு கேட்கும் பழைய வகை செட்டில் ஊகித்து ஊகித்து எண்களை அழுத்தாதீர்கள். சில முறை தவறினால் அது ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பூட்டிக்கொள்ளும். சரியான எண் பெரும்பாலும் கார் வாங்கியபோது கொடுத்த புத்தகப் பையில், சிறு அட்டையில் இருக்கும். அட்டை தொலைந்திருந்தால் செட்டின் வரிசை எண்ணையும் ஆர்.சி.யையும் எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேளுங்கள்.

மின்சாரம் சரி என்றால் எண்களுக்கு வரலாம். ஒரு தாளை எடுத்து மூன்று இடங்களில் உள்ள சேஸிஸ் நம்பரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: வண்டியின் உடலில் அடித்தது, எஞ்சின் கம்ப்யூட்டரில் இருப்பது, செட்டில் இருப்பது. ஆர்.சி.யில் உள்ளதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். மொத்தம் 17 எழுத்துகள். முதல் மூன்று தயாரிப்பாளரைக் குறிக்கும். இந்திய மாருதி சுசுகி எம்.ஏ.3 என்றும், இந்திய ஹூண்டாய் எம்.ஏ.எல். என்றும் தொடங்கும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் இந்த எண்ணில் வரவே வராது. ஒன்று, பூஜ்யம் ஆகிய எண்களோடு குழம்பக் கூடாது என்றே விலக்கியிருக்கிறார்கள். ஆகவே ஆர்.சி.யிலோ இன்சூரன்ஸ் தாளிலோ ஓ என்று அச்சாகியிருந்தால் அது பூஜ்யம். இந்த ஒரு எழுத்துப் பிழையோடு புது செட்டுக்கு எண்ணைப் பதிந்துவிட்டு, பிறகு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் கம்ப்யூட்டரில் உள்ள எண்ணைப் படிக்க, ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் செருகும் மலிவான புளூடூத் கருவியே பெரும்பாலும் போதும். அது எஞ்சின் சொல்வதை மட்டுமே காட்டும் என்பதை மறக்காதீர்கள். செட்டின் உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்க எல்லாக் கம்ப்யூட்டர்களோடும் பேசும் முழு ஸ்கேனர் வேண்டும். கோடுகளை அழிப்பதற்கு முன் அச்சிட்டோ படம் எடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாகக் கோடுகளை அழித்துவிடும் மெக்கானிக், நோயாளி சொல்வதைக் கேட்காமலே ஊசி போடும் வைத்தியர் மாதிரி.

கோடுகளைப் படிக்கும்போது எந்தக் கோடு என்பதோடு நிற்காதீர்கள். யார் யார்மேல் புகார் சொல்கிறார் என்று பாருங்கள். பி0630 என்றால் எஞ்சின் கம்ப்யூட்டரில் சேஸிஸ் நம்பர் பதியவில்லை, அல்லது பொருந்தவில்லை. எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றிய கார்களில் இது வரும். அங்கே செட் குற்றவாளியே இல்லை. யு0140 என்றால் பாடி கன்ட்ரோல் பெட்டியின் குரல் கேட்கவில்லை. யு0155 கிளஸ்டரின் குரல், யு0184 ரேடியோவின் குரல். யு0184 என்ற கோடு ரேடியோவில் இருக்காது. ரேடியோவைத் தேடும் மற்றவர்களிடம் இருக்கும். ரேடியோவுக்குள் யு0140 இருந்தால், அது பாடி கன்ட்ரோலைத் தேடிக் காணாமல் நிற்கிறது என்று பொருள்.

தாம்பரம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் கொண்டுவந்த காரை இங்கே சொல்ல வேண்டும். பேட்டரி மாற்றியதும் செட் பூட்டிக்கொண்டது. இரண்டு இடங்களில் செட் போய்விட்டது என்றிருந்தார்கள். எஞ்சினில் இருந்த எண் சரி. செட்டைப் படித்தேன், அதிலும் அதே எண். ஆக, தவறான பதில் அல்ல, வராத பதில். ரேடியோவில் யு0140 பதிந்திருந்தது. கிளஸ்டரைப் பார்த்தேன், அதில் அப்படி ஒரு புகாரும் இல்லை. இந்த வித்தியாசம்தான் சாவி. கிளஸ்டர் அதே பாடி கன்ட்ரோலோடு நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறது என்றால் பெட்டி உயிரோடு இருக்கிறது. ரேடியோவுக்கும் அதற்கும் நடுவே உள்ள வழி மட்டும் அறுந்திருக்கிறது.

"கதவு திறந்திருக்கும் படம் திரையில் வருகிறதா?" என்று கேட்டேன். "இப்பல்லாம் வர்றதில்ல. முதல்ல வந்து வந்து போச்சு, பிறகு நின்னே போச்சு" என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வண்டிக்குள் கால் விரிப்பு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றதாம்; சீட்டைக் கழற்றிக் காயவைத்திருக்கிறார்கள். டிரைவர் கால் பக்கப் பிளாஸ்டிக்கைக் கழற்றி கப்ளரைப் பிரித்தேன். வெளியே பார்க்கச் சுத்தமாக இருந்தது. உள்ளே இரண்டு பின்களில் மட்டும் துத்தப் பொடி போலப் பச்சை பூத்திருந்தது. ஒன்று தொட்டவுடன் ஒடிந்தது. இரண்டு டெர்மினலையும் புதிதாக அழுத்தி, கப்ளரைச் சுத்தம் செய்து மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் பூட்டு தானாகத் திறந்தது, அவர் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு விட்ட இடத்திலிருந்து வந்தது. வெள்ளம் பார்க்காத காருக்கும் இது நேரும். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் உள்ளே கால் விரிப்புக்கடியில்தான் சேரும். விரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன்களுக்கு ஒரு சோதனை. பேட்டரி ஒயரைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு, ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் ஒயரின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால் 60 அருகே வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டியிருக்கின்றன. ஆனால் கேட்வே உள்ள கார்களில் செட்டின் கேன் ஒயர் அந்தப் பெட்டிக்குப் பின்னால் தனியாக ஓடும். சாக்கெட்டில் 60 வந்தது என்பதற்காக செட்டின் ஒயரும் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். அங்கே செட்டின் கப்ளரிலேயே அளக்க வேண்டும், அதுவும் அந்தக் காரின் ஒயரிங் வரைபடத்தைப் பார்த்து. எல்லா நெட்வொர்க்கிலும் 60 ஓம் வராது.

தவறான பதில் வரும் கார்களின் கதை பெரும்பாலும் பழைய செட் வாங்கியதில் தொடங்கும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் உங்கள் மாடலுக்கே உரிய ஒரிஜினல் செட் பாதி விலைக்குக் கிடைக்கும். மாட்டினால் கப்ளரும் பொருந்தும், திரையும் எரியும், ஆனால் அதற்குள் இருப்பது வேறொரு காரின் எண். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்கள் பலவற்றில் இதற்கு உதிரிபாகப் பாதுகாப்பு என்றே ஓர் ஏற்பாடு உண்டு. அதை முறையாக விடுவிக்க, சர்வீஸ் சென்டரின் கருவி ஆன்லைனில் நிறுவனத்தின் சர்வரோடு பேசி அனுமதி வாங்க வேண்டும். வெளியில் சிப்பைக் கழற்றி எண்ணை மாற்றி எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்டில் மறுபடி பூட்டிக்கொள்ளலாம். அதைவிட முக்கியமாக, அந்த செட் யாருடைய காரிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பழையது வாங்கியே ஆக வேண்டுமென்றால், எந்தக் காரிலிருந்து எடுத்தது என்ற சேஸிஸ் நம்பரையும் பில்லையும் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

வெளியில் வாங்கிப் பொருத்தும் ஆண்ட்ராய்டு செட்டுகளில் சேஸிஸ் நம்பர் பூட்டு கிடையாது, ஆனால் அவையும் காரைத் தவறாக அடையாளம் காணும். ஒயரிங்கோடு வரும் சிறிய கேன் பாக்ஸ்தான் காரின் மொழியைச் செட்டுக்குப் பெயர்த்துச் சொல்கிறது. ஃபேக்டரி செட்டிங்கில் உங்கள் மாடலும் வருடமும் கேன் பாக்ஸின் தயாரிப்பும் சரியாகத் தேர்ந்திருக்க வேண்டும். தவறினால் ஸ்டீரிங் பட்டன் வேலை செய்யாது, ரிவர்ஸ் கேமரா வராது, இடது கதவைத் திறந்தால் வலது கதவு திறந்ததாகக் காட்டும். இதில் ஆபத்தானது ஒன்று உண்டு: சாவியை எடுத்த பிறகும் செட் தூங்காமல் இருப்பது. திரை அணைந்துவிடும், உள்ளே விழித்திருக்கும், காலையில் பேட்டரி இறங்கியிருக்கும். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து மின்கசிவை அளந்தால் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பேட்டரியைக் குறை சொல்லாமல் கேன் பாக்ஸ் தேர்வை முதலில் பாருங்கள்.

உண்மையிலேயே செட் போய்விட்டால், மாற்றும் இடத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். புது செட்டில் உங்கள் சேஸிஸ் நம்பர் எழுதப்பட வேண்டும். உங்கள் வேரியன்ட்டுக்கு உரிய ஸ்பீக்கர், கேமரா, ஸ்டீரிங் பட்டன் விவரங்கள் கோடிங் செய்யப்பட வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் தாள் உங்கள் கைக்கு வர வேண்டும். எழுதும் நேரம் முழுக்கப் பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்கிறதா என்று நின்று பாருங்கள். நடுவில் மின்னழுத்தம் விழுந்தால் புது செட்டே செத்துவிடும்.

செல்போன் செயலியோடு இணைந்த கார் என்றால் இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. செயலி உங்கள் காரைச் சேஸிஸ் நம்பரால்தான் அறிகிறது. செட் மாறியதும் வாகனம் பதிவில் இல்லை என்று வந்தால், பழைய இணைப்பை நீக்கிப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். பழைய கார் வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவர் தன் செயலியிலிருந்து காரை நீக்கி, செட்டை ஃபேக்டரி ரீசெட் செய்வதை எதிரில் நின்று பாருங்கள். அதுவரை பல கார்களில் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்பது அவருடைய போனில் தெரிந்துகொண்டே இருக்கும்.