நாலு பேருக்குத் தேடினால் கட்டணம் ஏறுவது ஏன்?

விமான டிக்கெட்டை ஒருவருக்குத் தேடினால் ஒரு விலை, குடும்பத்தில் நாலு பேருக்குத் தேடினால் தலைக்குச் சில நூறு ரூபாய் கூடுதல். இது இணையதளக் கோளாறு இல்லைங்க.

எகானமி இருக்கை எல்லாம் ஒன்றுதான். ஆனால் விமான நிறுவனம் அவற்றைக் கட்டண வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து வைக்கிறது. 'ஒய்' பெரும்பாலும் முழுக் கட்டண எகானமி. மற்ற எழுத்துகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முகவரின் திரையில் 'ஒய்9 பி4 எம்1' என்று இருந்தால், மலிவான எம்-இல் ஓர் இடம்தான் பாக்கி. 9 என்றால் ஒன்பது அல்லது அதற்கு மேல். (எண்களைக் கூட்டாதீங்க, ஒரே இருக்கை பல எழுத்துகளிலும் எண்ணப்படும்.)

நாலு பேரைச் சேர்த்துக் கேட்டால் எம் போதாது. பொதுவாக நாலு பேருக்கும் பி கட்டணமே வரும். எனவே முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்க. வித்தியாசம் பெரிதென்றால் தனித்தனியாகப் பதியலாம். பி.என்.ஆர். எண் வேறாகிவிடும் என்பதால், குழந்தைகளைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துப் பதிய வேண்டாம்.

மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் ஒன்றும் தேறாது என்று விட்டுடாதீங்க. அடிப்படைக் கட்டணம் போனாலும், வரிகளையும் விமான நிலையப் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது டி.ஜி.சி.ஏ. விதி. கேட்டு வாங்குங்க.