மும்பைத் துறைமுகமும் நவா சேவாவும்

சரக்கு ஆலையை விட்டுப் புறப்பட்ட பின்னும், அது கப்பலேறும் வரை ஏற்றுமதியாளரின் முதல் முடங்கியே கிடக்கிறது. 'பில் ஆஃப் லேடிங்' எனப்படும் கப்பல் ரசீது கைக்கு வந்த பிறகே, பொதுவாக, அவர் ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்துப் பணம் பெற இயலும். ரூ.50 லட்சம் கடனுக்கு ஆண்டு வட்டி 9 சதவீதம் எனக் கொண்டால், துறைமுக வாயிலில் வீணாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஏறத்தாழ ரூ.1,230 வட்டி ஏறும். துறைமுகங்களுக்கு இடையிலான போட்டி வணிகரின் கணக்கேட்டைத் தொடும் இடம் இதுவே.

1956-இல் அமெரிக்காவில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் புறப்பட்டது. அந்தக் கொள்கலன் முறை உலகெங்கும் பரவியபோது, மூட்டைகளையும் சுமைதொழிலாளரையும் நம்பி எழுந்த துறைமுகங்கள் திணறின. மும்பையும் அவற்றுள் ஒன்று. அதன் பிரின்ஸ் கப்பல்துறை 1880-இல் திறக்கப்பட்டது. பெட்டிகளை அடுக்கப் பரந்த திடலும், அவற்றை ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகளுக்கு வழியும் நெருக்கடி மிகுந்த அந்நகரில் எங்கே கிடைக்கும்?

ஆகவே துறைமுகக் கழியின் மறுகரையில், நவா சேவாவில், 1989-இல் ஜவஹர்லால் நேரு துறைமுகம் தொடங்கப்பட்டது. புதிய இடத்தைக் காட்டிலும் பெரிய மாற்றம் பின்னர் வந்தது. 1997-இல் ஒப்பந்தமாகி 1999-இல் இயங்கத் தொடங்கிய தனியார் முனையம், துறைமுகத்தின் சொந்த முனையத்துக்கு அருகிலேயே அமைந்தது. நிலம் துறைமுகத்துக்கு உரியது. பளுதூக்கிகளும் இயக்கமும் தனியாருடையவை. தனியார் வந்தது என்பதைவிட, ஒரே துறைமுகத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்க இரு முனையங்கள் அமைந்ததே முக்கியம் என்பது என் கருத்து. பெருந்துறைமுகங்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை அந்தந்தத் துறைமுக வாரியத்துக்கே அளித்தது.

பழைய மும்பைத் துறைமுகம் மூடப்பட்டுவிடவில்லை. கொள்கலன்களைப் பெரும்பாலும் நவா சேவாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கச்சா எண்ணெய், கார் ஏற்றுமதி, உல்லாசக் கப்பல் பயணிகள் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டது. இழந்ததை மீட்க முயல்வதைவிட இது விவேகமான வழி.

நவா சேவா வழியே ஏற்றுமதி செய்வோர் தம் சுங்க முகவரிடம் ஒன்றைக் கேட்டறியலாம். ஆலையிலேயே நிரப்பி முத்திரையிட்ட பெட்டி, இடையில் வெளிக் கிடங்கில் தங்காமல் நேரே முனையத்துக்குள் செல்லும் வசதி அங்கு உண்டு.