உறக்கமும் ஆணின் இயக்குநீரும்

மடியின்மை என்னும் அதிகாரத்தில், கெடுவார் விரும்பும் நான்கனுள் ஒன்றாகத் துயிலையும் வைத்தார் வள்ளுவர். இதனை எடுத்துக்காட்டி, உறக்கத்தைக் குறைப்பதே உயர்வுக்கு வழி என்று மாணவர்க்கு அறிவுறுத்தும் பெரியோரை நாம் அறிவோம். ஆயின், துயில் அங்கு எவற்றோடு சேர்த்து எண்ணப்படுகிறது என்பதை நோக்குதல் வேண்டும். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல் ஆகியவற்றின் வரிசையில் வைத்துக் கடியப்படுவது, செயலாற்ற வேண்டிய பொழுதில் கொள்ளும் துயிலே. பகலெல்லாம் உழைத்தவன் இரவில் கொள்ளும் உறக்கம் அன்று. இவ்வேறுபாட்டை மறந்தால் உடலில் நேர்வது யாது என்பதை உடலியல் அறிஞர் அளந்து காட்டியுள்ளனர். அவற்றுள் ஆண்களின் உடல்நலம் பற்றியதை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். கூச்சத்தால் வகுப்பறையிலும் வீட்டிலும் பேசப்படாது போகும் பொருள் இது. பேசப்படாமையாலேயே நம் இளைஞர் பலர் விடுதி அறைகளில் முகாமிட்டு மருந்து விற்போரிடம் பொருளையும் மன அமைதியையும் இழக்கின்றனர்.

‘ஹார்மோன்’ என்னும் சொல்லை 1905இல் வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடலியலறிஞர். தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை அவர் அமைத்தார். ‘இயக்குநீர்’ எனத் தமிழாக்கியோரும் பொருளறிந்தே ஆக்கினர் எனலாம். சுரந்த இடத்திலேயே நில்லாது, குருதி வழியே சென்று வேறோர் உறுப்பை இயக்குவதே அதன் தொழில். ஆண்களிடம் இவற்றுள் தலையாயது டெஸ்டோஸ்டிரோன். பாலுணர்வுக்கும் விந்தணு ஆக்கத்திற்கும் மட்டுமன்றி, தசை, எலும்பு, குருதிச் சிவப்பணு, மன ஊக்கம் ஆகியவற்றிற்கும் இது வேண்டும். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவ, பிட்யூட்டரி விரையிலுள்ள லேடிக் உயிரணுக்களை ஏவ, அவை இதனைச் சுரக்கின்றன. குருதியில் அளவு மிகுந்தால் ஏவல் குறையும். குறைந்தால் ஏவல் கூடும். இந்த ஒழுங்கை மனத்திற் கொள்க. பின்னர் இது வேண்டப்படும்.

இந்நீர் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இளைஞரிடம் உறங்கத் தொடங்கியதும் ஏறி, விடியற்காலையில் உச்சம் எய்தி, மாலையில் தாழ்கிறது. இதனை ஏற்றுவது இரவா, உறக்கமா என்னும் வினா எழும். பகலில் உறங்கச் செய்து ஆராய்ந்தபோதும் உறக்கத்தில் ஏறி, விழிப்பில் இறங்கியது. எனவே இரவினும் உறக்கமே இதற்கு முதன்மையான காரணம். அவ்வுறக்கமும் துண்டுபடாமல் சில மணி நேரம் நீடித்தாலன்றி ஏற்றம் முழுமையடைவதில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரேச்சல் லெப்ரூல், ஈவ் வான் காட்டர் ஆகிய இருவரும் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. நலமுள்ள இளைஞர் பதின்மர். சராசரி அகவை 24. முதலில் அவர்களை நிறைய உறங்கவிட்டனர். பின்னர் ஆய்வகத்திலேயே தங்கவைத்து, தொடர்ந்து எட்டு இரவுகள் ஐந்து மணி நேரமே படுக்கையில் இருக்கச் செய்தனர். பகற்பொழுது டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு வரை குறைந்தது. அகவை முதிர்வால் ஆண்டொன்றுக்கு ஒன்றிரண்டு விழுக்காடே குறைவது இயல்பு என்பதை இதனோடு ஒப்பிட்டால், எட்டு இரவுகள் செய்த வேலையின் அளவு விளங்கும். அவ்விளைஞர் தம் ஊக்கம் நாளுக்கு நாள் குன்றியதாகவும் தெரிவித்தனர். பதின்மரைக் கொண்டு உலகத்து ஆடவர் அனைவர்க்கும் விதி வகுத்தல் ஆகாது என்பதும் உண்மையே. ஆயினும் ஐந்து மணி நேர உறக்கம் என்பது நம் விடுதிகளில் தேர்வுக் காலத்தில் எத்தனை அறைகளில் நிகழ்கிறது என்பதை எண்ணிப் பார்க்கிறோம். இப்போது தேர்வில்லாக் காலத்தும் கைப்பேசியின் ஒளி அவ்வறைகளில் அணைவதில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் 1999இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே படுத்த இளைஞர்க்குச் சர்க்கரையைக் கையாளும் உடலின் திறன் குன்றியது. மாலையில் தாழ வேண்டிய கார்ட்டிசோல் உயர்ந்து நின்றது. வளர்ச்சி இயக்குநீரோ முதல் ஆழ்ந்த உறக்கத்தில்தான் ஆண்களிடம் மிகுதியாகச் சுரப்பது. ஓர் இயக்குநீர் மட்டும் தனித்துக் கெடுவதில்லை என்பதற்கு இவை போதும்.

நடுவயது கடந்தோர்க்குரிய செய்தி வேறு. எட்டு மணி நேரம் படுத்தெழுந்தும் பகலில் கண் சொருகும் சிலரைக் காண்கிறோம். இவருள் பலர் உரத்த குறட்டையர். குறட்டையை நல்லுறக்கத்தின் முழக்கமாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு, அது பிழை. உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபட, பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, உடல் திடுக்கிட்டு மீள்வதை உறக்க மூச்சடைப்பு என்பர். கடுமையான நிலையில் இது மணிக்கு முப்பது முறைக்கு மேல் நிகழும். படுத்தவர் அறியார், பக்கத்தில் இருப்பவரே அறிவார். இந்நோயரிடம் டெஸ்டோஸ்டிரோன் குறைந்து காணப்படுவது மிகுதி. இதில் உடற்பருமனின் பங்கும் பெரிது. மூச்சுவழியைத் திறந்து வைக்கும் காற்றழுத்தக் கருவியால் பகல் தூக்கம் தீர்கிறது. ஆனால் அதனால் மட்டும் டெஸ்டோஸ்டிரோன் ஏறிவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எடை குறைந்தால் அது ஏறுவதோ பலமுறை கண்டது.

குருதிச் சோதனை செய்துகொள்வோர் காலையில், வெறும் வயிற்றில், இருவேறு நாள்களில் செய்தல் வேண்டும். மாலையில் கொடுத்த குருதியைக் கொண்டு குறைபாடு என முடிவு செய்வது தவறு. நான்கு இரவு கண் விழித்துப் படித்தவர் ஐந்தாம் நாள் காலையில் கொடுப்பதும் அத்தகையதே.

உடற்பயிற்சிக் கூடங்களில் காதோடு காதாகப் பரிந்துரைக்கப்படும் ஊசியைப் பற்றியும் கூறுதல் கடன். புறத்திலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், மேலே கூறிய ஒழுங்கின்படி, போதிய அளவு உளதென்று கொண்டு மூளை தன் ஏவலை நிறுத்திவிடும். விரை சுருங்கும்; விந்தணு குறையும், சிலர்க்கு அறவே அற்றுப்போகும். ஊசியை விட்டபின் மீள்வதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். திருமணத்தை எதிர்நோக்கும் இளைஞன் ஆண்மை வேண்டிப் போட்டுக்கொள்ளும் ஊசி, மகப்பேற்றையே தள்ளிப்போடும் நிலை இதனால் நேர்கிறது. மூச்சடைப்பு உடையவர்க்கு அந்நோயை இது மிகுவிக்கவும் கூடும். ஆதலின் குறைபாடு உண்மையாகவே உறுதிப்பட்டு, மருத்துவரே ஊசி எழுதும்போதும், குறட்டை உண்டா என்று அவர் கேளாவிடின் நாமே சொல்லிவிடுதல் வேண்டும்; நமக்குத் தெரியாதெனின், வீட்டாரைக் கேட்டறிந்து சொல்லுதல் வேண்டும்.